வொர்த், வொர்த்தி, வொர்த்தினெஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், விண்ணப்பம் எழுதுபவர்கள் எல்லோரிடமிருந்தும் இந்தச் சொற்களைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். முன்னால் எளியவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

வொர்த்தினெஸ்னா தமிழ்ல ஒரே வார்த்தையில என்ன?

தகுதி. அகராதி அதைத்தான் சொல்லும், பாதி இடங்களில் அதுவே போதும். கொஞ்சம் விரித்துச் சொன்னால், ஒன்றைப் பெறுவதற்கோ, மதிக்கப்படுவதற்கோ, ஒரு காரியத்துக்கு நம்பி விடப்படுவதற்கோ வேண்டிய அளவு குணமும் மதிப்பும் இருக்கிற நிலை.

இந்தச் சொல் தனியாக நிற்காது என்பதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 'எதற்குத் தகுதி?' என்ற கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டே வரும். வாக்கியத்தில் எழுதாவிட்டாலும் சொல்பவர் மனதில் அது இருக்கும். பாராட்டுக்கா, நம்பிக்கைக்கா, பதவிக்கா, கடலுக்குப் போவதற்கா? இதைக் கேட்டுக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வொர்த், வொர்த்தி, வொர்த்தினெஸ் மூணும் ஒண்ணுதானே?

வேர் ஒன்று, வேலை வேறு. வொர்த் என்பது மதிப்பு: ஒரு பொருளுக்கோ ஆளுக்கோ உள்ளபடியே இருப்பது. வொர்த்தி என்பது அந்த மதிப்பு ஒன்றுக்கு ஈடாக இருக்கிறது என்று சொல்லும் பெயரடை. வொர்த்தினெஸ் அந்த ஈடான நிலைக்குப் பெயர்.

மதிப்பு இருப்பது ஒன்று, ஒன்றுக்கு ஏற்றவர் என்று தேறுவது இன்னொன்று. முதலாவதற்கு யாரும் பரீட்சை வைக்க வேண்டியதில்லை. இரண்டாவதில் ஒரு அளவுகோலும் அளக்கிற ஒரு ஆளும் எப்போதும் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் கலந்துவிடுவதுதான் இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் என்பது என் முடிவான கருத்து.

உச்சரிப்புல ஏதாவது வித்தியாசம் இருக்கா? எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது.

இருக்கிறது. தமிழ் எழுத்தில் காட்ட முடியாததால்தான் காதிலும் தவறிவிடுகிறது. வொர்த் என்பதன் கடைசி ஒலியில் வெறும் காற்றுதான், நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்க, குரல் சேராமல் காற்று மட்டும் வெளியே போகும். வொர்த்தியில் அதே இடத்தில் குரல் சேர்ந்துவிடும். 'அது' என்று சாதாரணமாகச் சொல்லிப்பாருங்கள், அந்த 'து'வில் வரும் மெல்லிய அதிர்வு ஏறக்குறைய அதேதான். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு இரண்டையும் சொன்னால் கையிலேயே தெரியும்.

வொர்த்தினெஸ், டிரஸ்ட்வொர்த்தி, நோட்வொர்த்தி எல்லாம் குரல் சேர்ந்த பக்கம். வொர்த்லெஸ், வொர்த்வைல் இரண்டும் காற்றுப் பக்கம். அழுத்தம் எப்போதும் 'வொர்' மேலேயே விழும், வொர்த்தினெஸ் என்று நீட்டினாலும் பின்னால் நகராது.

'இஸ் இட் வொர்த்?'னு கேட்டேன், எதிர்ல இருந்தவர் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். என்ன தப்பு?

வாக்கியம் முடியவில்லை, அதனால்தான் அவர் காத்திருந்தார். நாம் தமிழில் பேசும்போது 'ஒர்த்தா?', 'அது ஒர்த்தே இல்ல', 'காசுக்கு ஒர்த்து' என்று இந்தச் சொல்லைத் தனியாக நிறுத்திப் பழகிவிட்டோம். தமிழுக்குள் அது முழுச் சொல்லாகவே ஆகிவிட்டது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில் இப்படிக் கேட்கும்போது வொர்த் பின்னால் ஒன்று வந்தே ஆக வேண்டும்: தொகை, பொருள், செயல், ஒன்றுமே இல்லையென்றால் 'இட்' ஆவது. ஆகவே 'இஸ் இட் வொர்த் இட்?' என்று கேட்க வேண்டும். இரண்டு 'இட்' வருகிறதே என்று தயங்க வேண்டாம். முதல் 'இட்' நாம் பேசுகிற காரியம், இரண்டாவது அதற்குக் கொடுக்கிற விலை, அதாவது பணம், நேரம், பாடு.

ஒரு மனிதரைப் பற்றி 'ஹீ இஸ் நாட் வொர்த்' என்பதும் இதே கதைதான். அவருக்காக இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை என்றால் 'நாட் வொர்த் இட்'. அந்த மரியாதைக்கு அவர் ஏற்றவர் இல்லை என்றால் 'நாட் வொர்த்தி ஆஃப்' போட்டு எதற்கு என்று சொல்ல வேண்டும்.

'வொர்த் டு ரீட்' சரியா, 'வொர்த் ரீடிங்' சரியா?

வொர்த் ரீடிங். வொர்த் பக்கத்தில் வினை வந்தால் 'இங்' வடிவம்தான்: வொர்த் சீயிங், வொர்த் டூயிங், வொர்த் டிரையிங். 'டு' போட்டால் காதுக்கு உடனே உறுத்தும்.

வொர்த்திக்கு 'ஆஃப்' வேண்டும்: வொர்த்தி ஆஃப் பிரெய்ஸ், வொர்த்தி ஆஃப் டிரஸ்ட். 'டு' வரலாம், ஆனால் 'வொர்த்தி டு பி கால்ட்' என்பது போல, கொஞ்சம் சம்பிரதாயமான நடையில். வொர்த்வைல் மட்டும் தன்னந்தனியாக நிற்கும், அதன் பின்னால் எதுவும் தேவையில்லை. காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது. 'வைல்' என்பது ஒரு காலத்தில் பொழுது என்று பொருள்படும் பெயர்ச்சொல். செலவழிக்கிற பொழுதுக்கு ஈடானது வொர்த்வைல், ஆகவே அது தனக்கு வேண்டிய பொருளைக் கூடவே சுமந்துகொண்டு வருகிறது.

எலிஜிபிள், குவாலிஃபைட், ஃபிட், வொர்த்தி... எதைப் பார்த்தாலும் அகராதியில 'தகுதியுள்ள'னு போட்டிருக்கே, அப்போ மாத்தி மாத்திப் போடலாமா?

கூடாது. தமிழில் 'தகுதி' ரொம்பப் பெரிய குடை, ஆங்கிலத்தில் அதன் கீழ் நிற்கிறவர்கள் தனித்தனி ஆட்கள். ஒரு உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். வயது, வருமானம், மதிப்பெண் இவை விதியில் சொன்னபடி இருந்தால் அந்த மாணவி எலிஜிபிள். அவ்வளவுதான், அவள் நல்லவளா, திறமைசாலியா என்று அந்தச் சொல் கேட்கவே கேட்காது. 'தேர்ந்தெடு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது, தேர்ந்தெடுக்க விதி இடம் கொடுக்கிறது என்பதோடு அதன் வேலை முடிகிறது. தேவையான படிப்போ பயிற்சியோ முடித்திருந்தால் குவாலிஃபைட். அந்தப் பாடத்தைத் தாங்கும் உடலும் மனமும் இருந்தால் ஃபிட். எல்லாம் பார்த்துவிட்டு, 'இவளுக்குக் கொடுத்தால் அந்த உதவித்தொகைக்கே பெருமை' என்று தேர்வுக்குழுவில் ஒருவர் சொன்னால் அப்போதுதான் வொர்த்தி.

எலிஜிபிளா இல்லையா என்பதை ஒரு எழுத்தர் பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வொர்த்தியா என்பதை அப்படிச் சொல்ல முடியாது, அதற்கு யாராவது எடைபோட வேண்டும். எலிஜிபிள் ஆன நூறு பேரில் வொர்த்தி என்று தோன்றுகிறவர் ஒருவரும் இல்லாமல் போகலாம். வொர்த்தியான ஒருவர் பிறந்த தேதி ஒரு நாள் தள்ளிப்போனதால் எலிஜிபிள் ஆகாமல் நிற்கலாம். அப்படி நிற்கிறவருக்குப் போகிற கடிதத்தில் 'நீங்கள் தகுதியற்றவர்' என்று தமிழில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. 'விதிகளின்படி உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை' என்று எழுதினால் செய்தி அதேதான், ஆளைக் குறை சொன்னதாக ஆகாது.

டிசர்வுக்கும் வொர்த்திக்கும் என்ன வித்தியாசம்?

டிசர்வ் பெரும்பாலும் செய்ததைப் பார்க்கும், வொர்த்தி ஆளைப் பார்க்கும். டிசர்வுக்குள் 'சர்வ்' இருக்கிறது பாருங்கள். நன்றாக ஊழியம் செய்வது என்ற லத்தீன் பொருளிலிருந்து, ஊழியம் செய்து சம்பாதித்த பலன் என்று வந்தது. அதனால் அது இரண்டு பக்கமும் போகும். பரிசையும் டிசர்வ் பண்ணலாம், தண்டனையையும் டிசர்வ் பண்ணலாம். தமிழில் 'அவனுக்கு நல்லா வேணும்' என்று சொல்கிறோமே, அந்தக் கசப்பான பக்கமும் இதற்கு உண்டு.

வொர்த்தி நல்ல பக்கத்தில்தான் அதிகம் நிற்கும். 'பிளேம்வொர்த்தி' போன்ற கூட்டுச்சொற்களில் மட்டும் பழிக்கும் போகிறது. அப்புறம், என்டைட்டில்ட் என்று ஒன்று இருக்கிறது: சட்டமோ ஒப்பந்தமோ கொடுத்த உரிமை. விடுப்புக்கு நீங்கள் என்டைட்டில்ட், அதற்கு நல்லவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இப்போது அதே சொல்லை, எல்லாம் தனக்குத் தானாக வந்து சேர வேண்டும் என்று நினைக்கிறவரைக் குறை சொல்லவும் பயன்படுத்துகிறார்கள், ஆகவே ஆளுக்கு அடைமொழியாகப் போடும்போது கவனம்.

மெரிட்?

காட்டிய திறமையாலும் செய்த செயலாலும் வரும் சிறப்பு. டிசர்வோடு நெருங்கியது, ஆனால் பெரும்பாலும் அளந்து வரிசைப்படுத்தக்கூடியது என்ற நினைப்போடு புழங்குகிறது. மெரிட்டாக்ரசி, அதாவது திறமை உள்ளவர்களுக்கே மேலிடம் என்ற ஏற்பாட்டை, இன்று பெருமையாகச் சொல்கிறார்கள். 1958-ல் அந்தச் சொல்லைப் பரவலாக்கிய பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங் அதை எச்சரிக்கையாகவே எழுதினார். மதிப்பெண்ணில் மேலே நிற்பவர்கள் தாங்கள்தான் எல்லாவற்றுக்கும் ஏற்றவர்கள் என்று நம்ப ஆரம்பித்தால் கீழே நிற்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதே அவருடைய கவலை. மெரிட் இருப்பது ஒன்று, மனிதராக மதிப்பு இருப்பது வேறு என்பதை மறக்காமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள்.

வேல்யூவும் வொர்த்தும் ஒண்ணா வேறயா? அப்போ 'இன்வேல்யுவபிள்'னா மதிப்பே இல்லாததா?

பணக் கணக்கில் இரண்டும் பல இடங்களில் ஒன்றாகவே புழங்கும். நெட் வொர்த் என்பது சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவது, அதைப் போய் ஆளின் தரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனித விஷயத்தில் வொர்த் உள்ளே இருப்பதையும், வேல்யூ பயன்படுத்துகிறவர் கண்ணில் தெரிவதையும் காட்டப் பார்க்கும். இது சாய்வுதான், சட்டம் இல்லை.

இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. பிரைஸ்லெஸ்ஸும் அப்படித்தான், விலை சொல்ல முடியாதது. ஆனால் வொர்த்லெஸ், வேல்யூலெஸ் இரண்டும் நேர் எதிர்ப்பக்கம், ஒன்றுக்கும் உதவாதது. 'லெஸ்' என்ற ஒரே விகுதி பிரைஸ்லெஸ்ஸைத் தூக்கிவிடுகிறது, வொர்த்லெஸ்ஸைத் தள்ளிவிடுகிறது. நன்றிக் கடிதத்தில் இன்வேல்யுவபிள் என்று எழுதப்போய் வேல்யூலெஸ் என்று எழுதிவிட்டால் உறவே முறிந்துவிடும்.

வொர்த்லெஸ், அன்வொர்த்தி ரெண்டுமே 'தகுதியில்லாத'தானே?

இல்லை. அன்வொர்த்தி என்றால் குறிப்பிட்ட ஒன்றுக்கு ஏற்றவர் இல்லை. அந்தப் பட்டத்துக்கு ஏற்றவர் இல்லை, ஆனால் வேறு பலவற்றுக்கு ஏற்றவராக இருக்கலாம். பணிவாகத் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளவும் இது வரும். 'நீர் என் வீட்டுக்குள் பிரவேசிக்க நான் பாத்திரன் அல்ல' என்று தமிழ் விவிலியத்தில் நூற்றுக்கு அதிபதி என்ற ரோமப் படை அதிகாரி இயேசுவிடம் சொல்வது இந்த இடம்தான். அங்கே தாழ்மை இருக்கிறது, இழிவு இல்லை.

வொர்த்லெஸ் அப்படி இல்லை. அது 'எதற்கு?' என்று கேட்காமல் மொத்தமாக அடித்துவிடும். செல்லாத பத்திரத்தைச் சொல்லலாம், ஆதாரமில்லாத வாதத்தைச் சொல்லலாம். மனிதரை, அதிலும் குழந்தையை, அந்தச் சொல்லால் சொல்லவே கூடாது. கோபத்தில் 'உதவாக்கரை' என்று தமிழில் வீசுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

கப்பலுக்கும் விமானத்துக்கும் என்ன வொர்த்தினெஸ்? ஸீவொர்த்தி, ஏர்வொர்த்தின்னு சொல்றாங்களே.

இங்கேதான் இந்தச் சொல் ரொம்பத் துலக்கமாகத் தெரிகிறது. கடல் என்ன செய்யுமோ அதைத் தாங்குவதற்கு ஏற்ற கப்பல் ஸீவொர்த்தி. பிரிட்டனின் 1906-ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டம் இதை அழகாக வரையறுக்கிறது: காப்பீடு செய்யப்பட்ட அந்தப் பயணத்தில் கடலில் வழக்கமாக வரும் ஆபத்துகளை எதிர்கொள்ள எல்லா வகையிலும் நியாயமான அளவு தகுந்திருக்கும் கப்பல் என்கிறது. ஒவ்வொரு சொல்லும் கவனித்து வைத்தது. 'அந்தப் பயணம்' என்பதால், கரையோரமாக ஓடுவதற்கு ஏற்ற கப்பல் குளிர்காலப் பெருங்கடலுக்கு ஏற்றதாக இல்லாமல் போகலாம். 'வழக்கமான ஆபத்து' என்பதால் எந்தப் புயலிலும் மூழ்காது என்ற உத்தரவாதம் கேட்கவில்லை. 'எல்லா வகையிலும்' என்பதால் அடித்தட்டு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, வேலை தெரிந்த ஆட்கள் வேண்டும், எரிபொருள் வேண்டும், சரக்கு சரியாக அடுக்கியிருக்க வேண்டும்.

விமானத்திலும் அதேதான். 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி, நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்துக்குப் பறக்கத் தகுந்தது என்ற சான்றிதழ் வேண்டும், அதைக் கொடுப்பது விமானம் பதிவான நாடு. ஒருமுறை வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் போதும் என்ற விஷயம் இல்லை. ஒப்புதல் பெற்ற வடிவமைப்பின்படியே விமானம் இருக்க வேண்டும், பாதுகாப்பாகப் பறக்கும் நிலையிலும் இருக்க வேண்டும், பராமரிப்பு விட்டுப்போனால் தகுதியும் போய்விடும். சாலையில் ஓடத் தகுந்த வண்டி ரோட்வொர்த்தி. எதற்கு, எந்த நிலையில், யார் பார்த்துச் சொன்னது, எதுவரை செல்லும் என்று நான்கும் தெளிவாக இருப்பதால்தான் இங்கே சண்டை குறைவு.

'வொர்த்தி'யை எந்தச் சொல்லோட வேணும்னாலும் ஒட்டலாமா?

ஆங்கிலம் தாராளமாக இடம் கொடுக்கிறது, புதிதாக ஒட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். நிலைத்துப்போனவை: நம்பத் தகுந்தவர் டிரஸ்ட்வொர்த்தி, குறிப்பிடத்தக்கது நோட்வொர்த்தி, பாராட்டத்தக்கது பிரெய்ஸ்வொர்த்தி, செய்தியாக்கத் தகுந்தது நியூஸ்வொர்த்தி, கடன் கொடுத்தால் திருப்பித் தருவார் என்று நம்பக்கூடியவர் கிரெடிட்வொர்த்தி. பார்த்தாலே கூசவைக்கிறது கிரிஞ்ச்வொர்த்தி.

இதற்குத் தமிழ் வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. -தக்க, -தகுந்த, -உரிய மூன்றும் இதே வேலையைச் செய்கின்றன: போற்றத்தக்க, நம்பத்தகுந்த, பாராட்டுக்குரிய. 'நம்பிக்கைத் தகுதியுள்ள நபர்' என்று இழுத்து எழுத வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை, கிரெடிட்வொர்த்தி இல்லை என்று வங்கி சொன்னால் அது திருப்பிச் செலுத்தும் வாய்ப்பைப் பற்றிய கணக்கு மட்டும்தான். அதைக் கேட்டுவிட்டு 'நான் மதிப்பில்லாதவன்' என்று உடைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே கப்பலுக்குச் சொன்னதேதான் இங்கேயும்: எதற்கு என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது.

வொர்ஷிப்புக்குள்ள வொர்த் இருக்குன்னு சொல்றாங்க, உண்மையா? அப்போ வேர்ட்ஸ்வர்த் பேர்ல இருக்கறதும் அதுதானா?

முதலாவது உண்மை. பழைய ஆங்கிலத்தில் மதிப்புள்ள நிலை, மரியாதை என்று பொருள்படும் சொல்லாக இருந்து, பிறகு இறைவனுக்குச் செய்யும் வழிபாடாகக் குவிந்தது. பழைய பொருள் முழுதாகப் போய்விடவில்லை. இங்கிலாந்தில் மேயரை 'யுவர் வொர்ஷிப்' என்று அழைப்பது அவரைக் கும்பிடுவதற்காக இல்லை, மாண்புமிகு என்பது போன்ற மரியாதைதான். 1549-ல் வந்த இங்கிலாந்துத் திருச்சபை வழிபாட்டு முறையில் மணமகன் மணமகளிடம் 'என் உடலால் உன்னை வொர்ஷிப் செய்கிறேன்' என்று சொல்வதும் மதித்துப் போற்றுகிறேன் என்ற பொருளில்தான். உறுதியானவர் என்று பொருள்படும் ஸ்டால்வர்ட் என்ற சொல்லின் கடைசிப் பகுதியும் இதே வொர்த்தான், ஸ்காட்லாந்து வழியாக வந்ததில் ஒலி மாறிவிட்டது.

இரண்டாவது உண்மை இல்லை. வேர்ட்ஸ்வர்த் போன்ற குடும்பப் பெயர்களிலும் ஊர்ப் பெயர்களிலும் வருவது வேலி போட்ட நிலம், குடியிருப்பு என்று பொருள்படும் வேறொரு பழைய சொல். எழுத்து ஒன்றாகிவிட்டதால் இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது.

டிக்னிட்டியும் இதே குடும்பமா?

பொருளால் பக்கத்து வீடு, வேரால் வேறு. லத்தீனில் 'தகுந்த' என்று பொருள்படும் டிக்னஸ் என்ற சொல்லிலிருந்து டிக்னிட்டி, அதாவது மாண்பு, வந்தது. இன்டிக்னன்ட், டிஸ்டெய்ன் இரண்டும் அதே வேர்தான்: தகாதது நடந்துவிட்டதே என்று பொங்குவது முன்னது, தகுதி இல்லை என்று ஒதுக்குவது பின்னது. கிரேக்கத்தில் 'தகுந்த' என்பதற்கு ஆக்சியோஸ். கணக்கில் நிரூபணம் கேட்காமல் ஏற்றுக்கொள்கிற ஆக்சியம் அங்கிருந்து வந்தது, ஏற்கத் தகுந்தது என்று. கிழக்குத் திருச்சபைகளில் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கும்போது மக்கள் 'ஆக்சியோஸ்!' என்று குரல் கொடுக்கிறார்கள், இவர் தகுந்தவர் என்று.

இன்றைய வழக்கில் டிக்னிட்டி அளந்து கொடுக்கிற விஷயமாக இல்லை. ஜெர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் 1785-ல் இதைப் பிரித்துக் காட்டினார். விலை உள்ளதற்கு ஈடாக இன்னொன்றை வைத்துவிடலாம், ஈடே வைக்க முடியாததற்கு இருப்பது மாண்பு என்றார். 1945-ல் எழுதிய ஐ.நா. சாசனத்தின் முகவுரையும், 1948-ல் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் முகவுரையும் மனிதரின் டிக்னிட்டியையும் வொர்த்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கின்றன. கவனியுங்கள், அங்கே வொர்த் இருக்கிறது, வொர்த்தினெஸ் இல்லை. வொர்த்தினெஸ் என்று எழுதியிருந்தால் 'யார் தேறினார், யார் தேறவில்லை?' என்று கேட்க இடம் கிடைத்திருக்கும். மொழிபெயர்க்கும்போது இங்கே தகுதி என்று போட்டுவிட்டால் அந்த வாக்கியத்தின் உயிரே போய்விடும். மாண்பும் மதிப்பும் என்றுதான் போட வேண்டும்.

செல்ஃப் வொர்த், செல்ஃப் எஸ்டீம், செல்ஃப் ரெஸ்பெக்ட் மூணையும் எப்படிப் பிரிக்கறது?

செல்ஃப் எஸ்டீம் என்பது நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம், ஏறும் இறங்கும். செல்ஃப் ரெஸ்பெக்ட் சுயமரியாதை, என்னை இப்படி நடத்த விடமாட்டேன் என்று நடத்தையில் தெரிவது. செல்ஃப் வொர்த் அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது: தோற்றாலும் ஜெயித்தாலும் நான் மதிப்புள்ள மனிதர் என்ற உணர்வு. உளவியலில் இவை ஒன்றோடொன்று கலந்து வருவதும் உண்டு. மாரிஸ் ரோசன்பெர்க் 1965-ல் வெளியிட்ட, இன்றும் பரவலாகப் பயன்படும் செல்ஃப் எஸ்டீம் அளவுகோலில் 10 வாக்கியங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று, மற்றவர்களுக்குச் சமமாகவாவது நான் மதிப்புள்ள ஆள் என்று உணர்கிறேன் என்பது. எஸ்டீமை அளக்கவும் வொர்த்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லாரும் பாராட்டறாங்க, ஆனா நான் இதுக்கு வொர்த்தி இல்லைன்னே தோணுது. இதுக்கு ஏதாவது பேர் இருக்கா?

இருக்கிறது. பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-ல் இதை இம்பாஸ்டர் ஃபினாமினன் என்று எழுதினார்கள். உண்மையிலேயே சாதித்தவர்கள், அதை அதிர்ஷ்டம் என்றோ பிறரை ஏமாற்றிவிட்டோம் என்றோ நினைத்து, எப்போது வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்படுவது. பெரிய சாதனை செய்த பெண்களிடம் பார்த்துத்தான் முதலில் எழுதினார்கள், பிறகு ஆண்களிடமும் அது உண்டு என்று தெரிந்தது. அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை.

சொல்லளவில் நான் சொல்லக்கூடியது, இந்த உணர்வில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. 'இந்த வேலைக்குத் தேவையான திறமை எனக்கு இருக்கிறதா?' என்பது குவாலிஃபைட் கேள்வி, செய்து முடித்த வேலையை எடுத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். 'நான் நல்லதை அனுபவிக்கலாமா?' என்பது செல்ஃப் வொர்த் கேள்வி, அதற்கு எந்தச் சான்றிதழும் பதில் ஆகாது. இரண்டாவது கேள்வி நாள்கணக்கில் அழுத்தினால் தனியாகச் சுமக்காமல் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

'வொர்த்தி'ன்னு சொன்னா எப்பவும் பாராட்டுத்தானா?

எப்போதும் இல்லை. ஒரு நூலையோ படத்தையோ வெறுமனே 'வொர்த்தி' என்று விமர்சகர் எழுதினால், நோக்கம் நல்லது, ஆனால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்று பொருள் வரலாம். ஊர்ப் பெரியவர்களை 'லோக்கல் வொர்த்தீஸ்' என்பதிலும் சில நேரம் லேசான குத்தல் இருக்கும். ஒரு காலத்தில் அப்படி இல்லை. 14-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நைன் வொர்த்தீஸ் என்று ஒன்பது மாவீரர்களைப் பட்டியலிட்டார்கள். ஹெக்டர், அலெக்சாண்டர், ஜூலியஸ் சீசர் மூவரும் பழைய உலகம், யோசுவா, தாவீது, யூதாஸ் மக்கபேயு மூவரும் யூதர்கள், ஆர்தர், சார்லமேன், பூயோன் காட்ஃப்ரே மூவரும் கிறிஸ்தவர்கள்.

தமிழ்ல அருகதை, யோக்கியதை, லாயக்கு, பாத்திரம்னு இத்தனை இருக்கே, எதை எங்க போடறது?

இவற்றில் சூடு வேறுபடுகிறது. தகுதி சமநிலையான சொல், எங்கும் போகும். அருகதை பெரும்பாலும் 'இல்லை'யோடுதான் வரும், அதுவும் பேசுவதற்கோ கேட்பதற்கோ உள்ள தார்மீக உரிமையைப் பற்றி: 'இதைக் கேட்க அவருக்கு அருகதை இல்லை.' யோக்கியதையின் பாதை விசித்திரமானது. யோக்கியதாம்சம் என்று படிப்புத் தகுதியைச் சொன்ன காலம் இருந்தது, இப்போது 'உனக்கு என்ன யோக்கியதை இருக்கு?' என்று வாயைத் திறந்தால் அது சண்டைக்கான அழைப்பு. லாயக்கு நடைமுறைச் சொல், வேலைக்கு ஆகுமா ஆகாதா என்பது மட்டும், ஃபிட்டுக்கு நெருக்கம்.

பாத்திரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 'நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்', 'அன்புக்குப் பாத்திரமானவள்' என்று சொல்லும்போது ஒன்றை வாங்கி ஏந்திக்கொள்ளக்கூடியவர் என்ற நிறைவு வந்துவிடுகிறது. 'வொர்த்தி ஆஃப்' வரும் இடங்களில் உயர்ந்த நடைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்பதிலும் கையில் இருக்கும் திருவோட்டைச் சொல்லவில்லை, வாங்குபவரின் தகுதியைத்தான் சொல்கிறார்கள். இலங்கைத் தமிழில் புழங்கும் பெறுமதி வேல்யூவுக்கு நல்ல சொல், மற்ற இடங்களிலும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியில ஒருத்தர் வொர்த்தியா இல்லையான்னு யார் முடிவு பண்றது?

அளவுகோல் வைத்திருப்பவர்தான், அதனால்தான் அந்த அளவுகோலைக் கேள்வி கேட்கும் உரிமை எல்லோருக்கும் வேண்டும். திருக்குறளில் தகுதி என்ற சொல் நடுவுநிலைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வருகிறது, பொருள் நடுவுநிலைமைதான். அளக்கிறவரிடம் இருக்க வேண்டிய குணத்துக்கே தகுதி என்று பெயர். அதே அதிகாரத்தில் 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்கிறார், ஒருவர் விட்டுச் செல்வதை வைத்துத்தான் தெரியும் என்று. எச்சம் என்பதைப் பரிமேலழகர் பெற்ற மக்கள், அதாவது பிள்ளைகள், என்று எடுக்கிறார், மு.வ. புகழும் பழியும் என்று எடுக்கிறார். எப்படி எடுத்தாலும், வாசலில் நிற்கும்போதே முத்திரை குத்திவிடாதே என்று அந்தக் குறள் நம் கையைப் பிடிப்பதாகவே நான் படிக்கிறேன்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'ஐ ஆம் வொர்த்தி ஆஃப் திஸ் ஜாப்'னு எழுதலாமா?

வேண்டாம். இலக்கணம் சரி, இடம் தவறு. எடைபோட வேண்டியவர் எதிரில் இருக்கும்போது நாமே தீர்ப்பை எழுதிக் கொடுப்பது போல ஆகிவிடும். விளம்பரத்தில் கேட்ட படிப்பும் அனுபவமும் இருந்தால் குவாலிஃபைட் என்று எழுதுங்கள், விதிப்படி விண்ணப்பிக்கலாம் என்றால் எலிஜிபிள் என்று எழுதுங்கள், அதற்கு அடுத்த வரியிலேயே என்ன செய்து முடித்தீர்கள் என்பதைக் காட்டுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் வேறு ஒருவர் உங்களைப் பற்றி வொர்த்தி என்று எழுதுவது நன்றாகவே இருக்கும். அவரும் 'ஷீ இஸ் எ வொர்த்தி கேண்டிடேட்' என்று நிறுத்தாமல், எதற்கு, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விடுமுறையில் தானாக வந்து ஆய்வகக் கருவிகளைச் சரிசெய்து கொடுத்தார் என்ற ஒரு தகவல் இருந்தாலே போதும், வொர்த்தி என்ற சொல்லை எடுத்துவிட்டால்கூடக் கடிதம் நிற்கும்.